நான்காவது துணைத்தலைப்பு

என் மேசை இழுப்பறையில் நீளவாக்கில் கிழித்த ஒரு தாள் இருக்கிறது. அதில் என் கையெழுத்தில் ஐந்து துணைத்தலைப்புகள். நான்காவதற்குப் பக்கத்தில் மட்டும் பென்சிலால் எழுதிய ஒரு சொல். அது என் கையெழுத்து அல்ல.

தொண்ணூறுகளின் நடுவில் கோவையில் ஒரு குடும்ப மாத இதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். கல்யாணம் ஆகாதவள், ஆனாலும் 'பெற்றோரே, உங்களையும் கவனியுங்கள்' என்ற கட்டுரை என் தலையில் விழுந்தது. எங்கள் அலுவலகத்தில் துணைத்தலைப்புகளைத்தான் முதலில் எழுதுவோம். கணினியில் தட்டச்சு செய்யும் அக்கா அவற்றைப் பக்கத்தில் பொருத்தி இடம் ஒதுக்கித் தந்த பிறகே கட்டுரை எழுத உட்காருவோம். நிறைவாகத் தூங்குங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள், தினம் ஒரு மணி நேரம் உங்களுக்கு, உதவி கேளுங்கள், குற்ற உணர்வு வேண்டாம். பிள்ளை பெறாதவளுக்கு எல்லாம் மளமளவென்று வந்தன.

அக்கா பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வருவார். மகனுக்கு எட்டு வயது. நடக்க வராது, அடிக்கடி வலிப்பு வரும். கணவருக்கு ஃபவுண்டரியில் இரவு ஷிப்ட். அவர் காலையில் வீடு திரும்பியதும் மகனை ஒப்படைத்துவிட்டு அக்கா பஸ் ஏறுவார். இருவரில் யார் எப்போது தூங்கினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்று என் தாளை நிதானமாகப் படித்து, நான்காவதில் விரலை வைத்தார்.

"ஏனம்மணி, ஆருகிட்டக் கேக்கறதுன்னு போடலியே?"

கேலி இல்லை. தெரிந்தால் போய்க் கேட்டுவிடலாம் என்பது போலத்தான் கேட்டார். பென்சிலை எடுத்து அவரே 'யாரிடம்?' என்று எழுதினார். எனக்கு முகம் சுட்டது.

"ஞாயித்துக்கெழம நான் வந்து பையனப் பாத்துக்கறனுங்க்கா. நீங்க தூங்குங்க."

"உனக்கெதுக்கு கண்ணு செரமம்? பரவால்ல உடு."

எங்கள் பக்கத்தில் யார் வீட்டில் காப்பி தந்தாலும் முதலில் வேண்டாம் என்போம். இரண்டு முறை வற்புறுத்திய பிறகே டம்ளரில் கை வைப்போம். முதல் 'வேண்டாம்' வெறும் மரியாதை. அதை யாரும் பதிலாக எடுத்துக்கொள்வதில்லை. காப்பிக்கு நாலு முறை வற்புறுத்துகிறவள் நான். அன்று மட்டும் ஒரு முறையோடு நிறுத்திக்கொண்டேன். உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது. நான் இருக்கும்போது அந்தப் பையனுக்கு வலிப்பு வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

தாளில் அந்தச் சொல்லைப் பார்த்த ஆசிரியர், அறிவுரைக்குள் கேள்வி வரக்கூடாது என்றார். 'உதவி கேளுங்கள்' என்று மட்டும் அச்சாயிற்று; தட்டச்சு செய்ததும் அக்காதான். பாராட்டிக் கடிதங்கள் வந்தன. இரண்டு மாதம் கழித்து அக்கா வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே மயங்கிச் சாய்ந்தார். தண்ணீர் தெளித்து ஆட்டோவில் ஏற்றிவிட்டோம். "நாளைக்கு வாரனுங்க" என்று எல்லோரிடமும் சொல்லிப் போனவர் வரவில்லை. எனக்குத் தைரியம் வந்து வீடு தேடிப் போவதற்குள் ஒரு மாதம் ஆகிவிட்டது. வீடு பூட்டியிருந்தது. கணவரின் ஊர்ப்பக்கம் போய்விட்டார்கள் என்றார் பக்கத்து வீட்டுப் பெண். எந்த ஊர் என்று அவருக்கும் தெரியவில்லை.

இப்போது என் மகளின் வலைப்பூவுக்காக அதே விஷயத்தை எழுத உட்கார்ந்திருக்கிறேன். பழைய பழக்கம், துணைத்தலைப்புகள்தான் முதலில். மூன்று வந்துவிட்டன. நான்காவதாக 'உதவி கேளுங்கள்' என்று அடித்தேன், அழித்தேன், மறுபடியும் அடித்தேன். பிறகு இழுப்பறையைத் திறந்து அந்தத் தாளை எடுத்தேன். பென்சில் எழுத்து மங்கியிருந்தாலும் படிக்க முடிகிறது.

அன்று அந்தச் சொல்லை எழுதிவிட்டு அக்கா என் முகத்தைத்தான் பார்த்தார்.