வரவில்லை என்று எழுதிக்கொண்டவள்

எனக்கு இலக்கியம் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் என் நாத்தனாரைத்தான். முப்பது வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். ஐம்பத்தோரு வயதாகியும் வீட்டில் அவள் இன்னும் பாப்பாதான். அலுவலகத்தில் மினிட்ஸ் அக்கா என்று கூப்பிடுகிறார்கள்.

குடிநீர் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. மாதம் நாலு கூட்டமாவது நடக்கும். யார் என்ன பேசினார்கள், என்ன முடிவானது என்று எழுதி வைக்க மேஜைக் கோடியில் ஒருத்தி உட்கார்ந்திருப்பாளே, அதுதான் எங்கள் பாப்பா. இருபத்திரண்டு வருடமாக அந்தக் கோடியைவிட்டு நகரவில்லை. ஒரு தடவை வால்வு வாங்குகிற விஷயத்தில் பொறியாளரும் ஸ்டோர் அதிகாரியும் சட்டையைப் பிடிக்கிற அளவுக்குப் போய்விட்டார்கள். மூன்று மணி நேரக் கூத்து. பாப்பா அதை ஒரே வரியில் எழுதினாள்: 'வால்வு கொள்முதல் குறித்து விரிவாகக் கருத்துப் பரிமாறப்பட்டது.' தலைவர் ஒருவரைப் பார்த்து "எழுந்து வெளிய போய்யா" என்று கத்தினாரா? 'தலைவர் உறுப்பினருக்குத் தக்க ஆலோசனை வழங்கினார்.' அடுத்த கூட்டத்தில் இதை வாசிக்கும்போது அடித்துக்கொண்டவர்களே தலையாட்டிக் கையெழுத்துப் போடுவார்களாம்.

"நீ நடுவுல ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று நான் கேட்டிருக்கிறேன்.

"குறிப்பு எடுக்கிறவங்க கூட்டத்துலயே இல்ல அண்ணி. அப்படித்தான் நினைச்சுக்கணும்" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்னால் ஐந்து நிமிடம் சும்மா இருக்க முடியாது. இவளோ வாயில்லாப் பூச்சி.

அந்தப் பூச்சி மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கதை எழுதியது. பன்னிரண்டு பக்கம். எழுதினால் போதாதா, அதை வாசித்துக் காட்ட வேண்டும் என்று ஆசை. "குடு, படிச்சுக்கறோம்" என்றால் கொடுக்க மாட்டாள். அவள் அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், இரண்டாம் பக்கத்திலேயே "பிரமாதம்" என்று சொல்லி எழுந்துவிட்டார். பிரமாதம் என்று சொன்ன பிறகு யார்தான் மேலே வாசிப்பார்கள். என் மகள் ஒரு பக்கம் கேட்டாள், அதற்குள் போன் வந்துவிட்டது. நான் மட்டும் என்ன ஒழுங்கு? நாலைந்து தடவை உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாள் குக்கர் சத்தம், ஒரு நாள் மின்சாரக்காரன் வந்தான், ஒரு நாள் உண்மையிலேயே தூங்கிப்போனேன். "மிச்சத்தை நாளைக்குக் கேக்குறேன் பாப்பா" என்று சொல்லிச் சொல்லியே மூன்று வருடத்தை ஓட்டிவிட்டேன்.

இப்படி இருக்கும்போது மண்டல எழுத்தாளர் மாநாட்டிலிருந்து கடிதம் வந்தது. எங்களுக்குச் சொல்லாமல் கதையை அவர்களுக்கு அனுப்பியிருக்கிறாள், கமுக்கமாக. 'புதிய குரல்கள்' என்று ஓர் அமர்வு, ஐந்து பேர், ஆளுக்கு இருபது நிமிடம். இவள் ஐந்தாவது. மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கடிகாரத்தை வைத்து வாசித்துப் பார்த்தாள். பத்தொன்பது நிமிடம்.

கிளம்புகிற அன்று காலையில் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: "ஒரே ஒரு தடவை அண்ணி. முதல் வரியிலேர்ந்து கடைசி வரி வரைக்கும் நாலு பேர் உட்கார்ந்து கேக்கணும். கேட்டுட்டு நல்லா இல்லன்னு சொன்னாக்கூடப் பரவாயில்ல."

துணைக்கு நானும் போனேன். மாநாட்டில் மதியச் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள், அதையும் மறைப்பானேன்.

எழுத்தாளர்களை மொத்தமாக நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆளுக்கொரு துணிப்பை, பை நிறைய அவரவர் எழுதிய புத்தகம். இரண்டு பேர் சந்தித்தால் புத்தகத்தை மாற்றிக்கொள்கிறார்கள், அட்டையைத் தடவுகிறார்கள், "அருமை" என்று சொல்லிப் பைக்குள் போட்டுக்கொள்கிறார்கள். ஒருத்தரும் திறக்கவில்லை. ஒரு மனுஷர் 'அன்புச் சகோதரிக்கு' என்று கையெழுத்துப் போட்டு என்னிடமும் ஒன்றை நீட்டினார். "நான் எழுதறவ இல்லீங்க" என்றேன். "அதனாலதாம்மா குடுக்கறேன், நீங்கதான் படிப்பீங்க" என்றார். பாவமாக இருந்தது, வாங்கிக்கொண்டேன்.

அமர்வு சிறிய அரங்கில். மேடையில் நீளமாக ஒரு மேஜை, வெள்ளைத் துணி, ஆறு நாற்காலி. மேடை ஓரத்தில் தனியாக ஒரு குட்டி மேஜை, அதன்மேல் ஒரு தாள் அட்டையும் பேனாவும். என்னை நாலாவது வரிசையில் உட்கார வைத்துவிட்டுப் பாப்பா மேடையேறினாள். ஏறியவள் நேராகப் போய் அந்தக் குட்டி மேஜையில் உட்கார்ந்தாள்.

பழகின மாடு கொட்டிலைத் தேடிப் போகிற மாதிரி அவ்வளவு இயல்பாகப் போனாள். நான்கூட அங்கேதான் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள் போல என்று நினைத்தேன். மாநாட்டுச் செயலாளர் அவசரமாக வந்தார். கழுத்தில் மூன்று அட்டை தொங்கியது. இவளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"வந்துட்டீங்களா? குறிப்பெடுக்க ஆள் அனுப்பறேன்னாங்க, வரவே இல்லையேன்னு பாத்தேன். கொஞ்சம் தெளிவா எழுதுங்கம்மா."

"சரிங்க" என்றாள் இவள். பிறகு நான் பிடித்து உலுக்கிக் கேட்டபோது, "அவர் எழுதுங்கன்னு சொன்னார், நான் சரின்னு சொல்லிட்டேன். ஒருத்தர் எழுதச் சொன்னா வேற என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல அண்ணி" என்றாள். இந்தப் பெண்ணை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய.

கூட்டம் தொடங்கியது. தலைமை ஒரு நாவலாசிரியை, வெள்ளைத் தலை, குறும்புப் பார்வை. முதலில் ஒரு கவிஞர் எழுந்தார், எழுந்தவர் உட்காரவில்லை. அப்புறம் மூன்று பேர். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பாதிப் பேர் மற்ற அமர்வுகளில் தங்கள் முறை எப்போது என்று தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாப்பா மட்டும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டு எழுதிக்கொண்டே இருந்தாள். அவர்கள் வாழ்நாளில் அப்படி ஒருத்தி கேட்டிருக்க மாட்டாள்.

பிறகு செயலாளர் பட்டியலைப் பார்த்து ஐந்தாவது பெயரை வாசித்தார். பாப்பாவின் முழுப் பெயர். அவர் அரங்கத்தைத்தான் பார்த்தார், பக்கவாட்டில் பார்க்கவில்லை. பாப்பா நிமிர்ந்தாள். இதோ எழுந்திருப்பாள், இதோ எழுந்திருப்பாள் என்று நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

"வரல போல இருக்கு. சரி" என்றார் செயலாளர்.

பாப்பா குனிந்து அதையும் எழுதிக்கொண்டாள்.

உயிரோடு எதிரில் உட்கார்ந்துகொண்டு தன் பெயருக்கு நேரே வரவில்லை என்று எழுதுகிறவளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கத்தலாம் என்று வாயைத் திறப்பதற்குள் தலைவி பேச ஆரம்பித்துவிட்டார். "நேரம் ஆயிடுச்சு. நான் முடிவுரைன்னு எதுவும் சொல்லப் போறதில்ல. குறிப்பெடுத்த அம்மா வாசிக்கட்டும், அதோட முடிச்சுக்கலாம்."

பாப்பா எழுந்து நின்று, அலுவலகத்தில் வாசிக்கிற அதே குரலில் வாசித்தாள்.

"முதலாவதாகப் பேசிய கவிஞர், நேரம் போதாமை குறித்து நாற்பது நிமிடம் எடுத்துரைத்தார். இரண்டாமவர் கதை வாசித்தார். கதையில் மழை பெய்தது. மூன்றாமவர், தமக்கு இதுவரை வழங்கப்படாத விருதுகளின் விவரத்தை அவையின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். நான்காமவர் தமது கதைக்கு முன்னுரை வாசித்தார். கதை எடுத்துக்கொள்ளப்படவில்லை."

அரங்கம் குலுங்கிச் சிரித்தது. கவிஞர்கூட, வேறு வழியில்லாமல். இவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் பாப்பா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கடைசி வரிக்கு வந்தாள்.

"ஐந்தாவதாக வாசிக்க வேண்டியவர்..." என்று தொடங்கி நின்றுவிட்டாள். "வரவில்லை" என்றாள், யாருக்கும் கேட்காத குரலில்.

நான் எழுந்துவிட்டேன். "வந்திருக்கா. அந்தா நிக்கறாளே, அவதான். உங்க ஆள் பேனாவைக் குடுத்து உட்கார வெச்சுட்டாரு, இந்த மண்டும் எழுதிக்கிட்டு இருக்கு" என்றேன். என் குரலுக்கு மைக் வேண்டியதில்லை.

செயலாளர் கழுத்து அட்டைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டுச் சொன்னார்: "எங்க மேல தப்பும்மா. ஆனா சாப்பாட்டு நேரம் வந்துடுச்சே. எங்க எல்லாரையும் இவ்வளவு அழகாச் சுருக்கிட்டீங்க. உங்க கதையையும் ரெண்டு நிமிஷத்துல சுருக்கிச் சொல்லிடுங்களேன்."

நல்ல மனதோடுதான் சொன்னார். அதை அவள் செய்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும். மூன்று மணி நேரத்தை ஒரு வரியாக்குகிறவளுக்குப் பன்னிரண்டு பக்கம் எம்மாத்திரம். அவளும் வாயைத் திறந்தாள். "சரிங்க" வரப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"முடியாதுங்க" என்றாள்.

கண்ணைத் திறந்தேன்.

"எல்லார் பேசினதையும் இருபத்திரண்டு வருஷமாச் சுருக்கிட்டு இருக்கேன். இது நான் பேசறது. இதைச் சுருக்க மாட்டேன். பசிக்கிறவங்க சாப்பிடப் போங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

சொல்லிவிட்டுக் கைப்பையிலிருந்து கதையை எடுத்து, மைக்குக்கு முன்னால் போய் நின்று, முதல் வரியை வாசித்தாள். வெளியே சாப்பாட்டு மணி அடித்தது. கால்வாசிப் பேர் எழுந்தார்கள், அவர்களைப் பார்த்து இன்னும் கால்வாசி. மைக் செட்டுக்காரர் தன் பாட்டுக்கு மைக்கை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். குரல் பொசுக்கென்று சின்னதாகிவிட்டது. பாப்பா நிறுத்தவில்லை. மிச்சமிருந்த பத்துப் பன்னிரண்டு பேர் நாற்காலியை இழுத்து இழுத்து மேடையடிக்கு வந்தார்கள். அந்தக் கவிஞரும் வந்தார். நானும் போனேன்.

கதை ஒரு பெண்ணைப் பற்றியது. கல்யாணப் பத்திரிகை அடித்த பிறகு மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று எழுதிவிடுகிறார்கள். வீடு நிறைய ஆறுதல் சொல்கிறவர்கள். அதுவரை எனக்குத் தெரியும், பல தடவை கேட்டதுதான். பாப்பாவுக்கு நடந்ததுதான். ஐந்தாம் பக்கத்தில் அந்த வீட்டுக்கு வந்து ஆறே மாதமான அண்ணி ஒருத்தி வருகிறாள். அவள் ஆறுதல் எதுவும் சொல்வதில்லை. "செருப்பைப் போடு" என்கிறாள். கடைசி நிறுத்தம் வரைக்கும் போகிற பஸ்ஸில் ஏற்றுகிறாள். ஜன்னலோர இருக்கையில் பையை வைத்துக்கொண்டு நகர மாட்டேன் என்ற ஒரு தடியனோடு நாலு நிறுத்தம் சண்டை போட்டு, இந்தப் பெண்ணை ஜன்னலோரம் உட்கார வைக்கிறாள். போய்த் திரும்புகிற வரை அவனைத் திட்டிக்கொண்டே வருகிறாள். அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிக்கிறாள், கடிதம் வந்த பிறகு முதல் தடவையாக. வேறெங்கும் போக வேண்டாம், இவள் இருக்கிற வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று அப்போது முடிவு செய்கிறாள்.

எனக்கு அது நினைவே இல்லை. பஸ்ஸில் நான் எத்தனையோ பேரோடு சண்டை போட்டிருக்கிறேன். மூன்று வருடமாக இதைத்தான் வாசிக்க வந்தாளா, நான்தான் குக்கரைச் சாக்குச் சொல்லி எழுந்து போனேனா என்று நினைத்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது. அழுதேன். பக்கத்திலிருந்தவர் கைக்குட்டை கொடுத்தார், அதையும் நனைத்தேன்.

அப்போது செயலாளர் தட்டும் கையுமாக வாசலில் வந்து நின்று என்னைச் சைகை காட்டிக் கூப்பிட்டார். "சாப்பாடு தீரப் போகுதும்மா. கொஞ்சம் சீக்கிரமா முடிச்சுக்கச் சொல்லுங்களேன்."

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய் அரங்கத்துக் கதவைப் பிடித்துக்கொண்டேன். "இன்னும் நாலு பக்கம் இருக்கு. கேக்கறதா இருந்தா உள்ள வந்து உட்காருங்க. இல்லன்னா நகருங்க, கதவைச் சாத்தணும்."

அவர் தட்டோடு உள்ளே வந்து உட்கார்ந்தார்.