சுவாமிநாதன் போட்டுவிட்டுப் போன எண்

குமாரபாளையத்தில் பூங்கோதையிடம் வாய் கொடுத்துத் தப்பியவர்கள் குறைவு. ராசிபுரத்துக் கைத்தறி நெசவுக் குடும்பத்தில் பிறந்து சுவாமிநாதனுக்கு வாக்கப்பட்டு வந்தவர். விசைத்தறியில் அறுந்த பாவு இழையைப் பிணைக்க இங்கே வந்துதான் கற்றுக்கொண்டார். சண்டை மட்டும் பிறந்த வீட்டுச் சீர்.

சுவாமிநாதன் நேர் எதிர். நாள் முழுக்கத் தறி பேசுகிற வீட்டில் நாம் வேறு எதற்கு என்பதுபோல் இருப்பார்.

அவர்கள் நெய்தது ஈரிழைத் துண்டு. பல வருடம் ஒரே மொத்த வியாபாரிக்குப் போட்டார்கள். அவர் தன் கடைப் பெயரை ஒட்டி விற்றார். ஊரடங்கு வந்ததும் சரக்கு வேண்டாம் என்று ஒரு வரி அனுப்பினார். பூங்கோதை நேரே அவர் குடோனுக்குப் போய் நின்றார்.

"எங்க துண்டை எங்க பேர்ல விக்க எங்களுக்குத் தெரியாதுங்களா?"

"எங்கம்மா விப்பீங்க? ரோட்டுல விரிச்சா?"

"ஆமாங்க. ரோடு உங்க பேர்லயா இருக்குது?"

அந்த ரோடு கைப்பேசிக்குள் இருந்தது. ஒரே மகள் மோகனப்பிரியா பெங்களூருவில் மென்பொருள் வேலையில் இருந்தாள். அவள் சொல்லிக் கொடுக்க, இரண்டு பெரிய இணைய அங்காடிகளிலும் சொந்தமாக ஒரு இணையப் பக்கத்திலும் பூங்கோதை துண்டு விற்க ஆரம்பித்தார். பெரிய கடை, சின்னக் கடை, நம்ம கடை என்று அவற்றுக்குப் பெயரும் வைத்தார்.

மூன்று கடை, ஆனால் அலமாரி ஒன்றுதான். அதிலிருந்த கடைசித் துண்டை மூன்று கடையிலும் மூன்று பேர் வாங்கினார்கள். இரண்டு பேருக்குக் கையை விரிக்க வேண்டியதாயிற்று. அவர்கள் எழுதிய வசவைப் படித்துவிட்டு, பூங்கோதை முதல் தடவையாகப் பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்தார். "நம்ம மேல தப்பு இருக்கறப்ப எப்படிக் கண்ணு சண்டை போடறது?" என்று மகளிடம் கேட்டார்.

மோகனப்பிரியா மூன்றையும் ஒரே எண்ணில் கட்டினாள். எங்கே ஒரு துண்டு விற்றாலும் மூன்று இடத்திலும் ஒன்று குறையும். எண் பூஜ்யமானால் மூன்று கடையும் தானாக 'இருப்பு இல்லை' என்று சொல்லிவிடும். காலையில் அந்த எண்ணைப் போடுவது மட்டும் சுவாமிநாதன் வேலை.

டீ டம்ளரோடு தறிக்கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து போடுவார். அலமாரியில் இருப்பதோடு, தறியில் இன்னும் அறுக்காமல் ஓடிக்கொண்டிருக்கும் துணியையும், அன்று பொழுதுக்குள் நெய்து விழப்போவதையும் சேர்த்தே போடுவார். மகள் ஒருமுறை கேட்டபோது, "தறியில இருந்தா ஊட்டுல இருக்கற மாதிரிதான் சாமி" என்றார். தறி நிற்காத வீட்டில் அது பொய்யாகவில்லை. கூரியர் வேன் சாயங்காலம் வருவதற்குள் துணி அறுபட்டு, முனையில் தொங்கும் நூல்களுக்கு முந்தி முடிச்சுப் போட்டு, மடித்து உறைக்குள் போயிருக்கும்.

இந்த வருடம் ஆடியில் ஒரு காலை, எண்ணைப் போட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தறிக்கூட வாசலிலேயே உட்கார்ந்தார். எழவில்லை.

அவருடைய அண்ணன் அர்த்தநாரி திருச்செங்கோட்டிலிருந்து வந்தார். வந்ததும் தறிக்கூடத்துக்குள் போய் எட்டுத் தறியையும் நிறுத்தினார். சாவு வீட்டில் காரியம் முடியும்வரை தறி ஓடக்கூடாது. இது யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டாத வழக்கம். மகன் இல்லாத வீடு என்பதால் கொள்ளியும் அவரே வைத்தார்.

தறியை நிறுத்த ஆள் இருந்தது. எண்ணை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. சுவாமிநாதனைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோதும் அவர் துண்டு மூன்று கடையிலும் விற்றது. எண் பூஜ்யத்துக்கு வந்துதான் நின்றது.

மறுநாள் காவிரியில் சாம்பலைக் கரைத்துவிட்டு வந்த பிறகு, பெங்களூருவிலிருந்து வந்திருந்த மோகனப்பிரியா கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். அலமாரியில் இருந்தது பாதி ஆர்டருக்கே போதாது. தறிகளில் அறுக்காமல் நின்ற துணியைச் சேர்த்தாலும் குறைந்தது. மீதியை நெய்தால்தான் உண்டு. கெடு மறுநாள் சாயங்காலம். மழையில் கூரியர் வராத நாட்களுக்காகப் பெரிய கடை ஏற்கெனவே எச்சரித்திருந்தது. இன்னொரு தடவை தவறினால் கடையை மூடிவிடும்.

வீட்டில் சாவு என்று அவர்களுக்கு எழுதினாள். உடனே பதில் வந்தது. தங்கள் இழப்புக்கு வருந்துகிறோம், குறித்த நேரத்தில் அனுப்பவும்.

மூலையில் உட்கார்த்தி வைத்திருந்த அம்மாவிடம் போய், "எல்லாத்தையும் ரத்து பண்ணிடறேம்மா. கடை போனாப் போகுது" என்றாள்.

"உங்கப்பா நேத்துக் காலையில எண்ணு போட்டாரா?"

"போட்டாரு."

"அவரு இருக்குதுன்னு சொன்னதை, இல்லைன்னு நீ சொல்லப் போறியா?"

பூங்கோதை எழுந்தார். துக்கத்துக்கு வந்திருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அர்த்தநாரி நாற்காலியிலிருந்து எழுந்து தறிக்கூட வாசலை மறித்தார்.

"எங்க போறே?"

"தறியை ஓட்டப் போறேனுங்க மாமா."

"புத்தி பேதலிச்சுப் போச்சா? அவன் சாம்பல் கரைஞ்சு அரை நாள் ஆகலை. ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டுங்க. நம்ம ஊட்டுல ஒருத்தராவது சிரிச்சு ரெண்டு நாளாச்சு."

"தீட்டுத் துணியை எவன் தொடுவான்?"

"சாவே காணாத ஊட்டுக்காரங்க இருந்தா அவங்க வேண்டாம்னு சொல்லட்டுங்க. திருப்பி எடுத்துக்கறேன்." பிறகு குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்: "உங்க தம்பி வாழ்நாள்ல பேசுனதே கொஞ்சம். அதுல கடைசிப் பேச்சு இந்த எண்ணுங்க. அதைப் பொய்யாக்க உங்களுக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை. நகருங்க."

அர்த்தநாரி நகர்ந்தார். நகர்ந்தபடியே சொன்னார்: "தறி ஓடுச்சுன்னா காரியத்துக்கு நான் வரமாட்டேன். யாரை வெச்சுப் பண்ணுவீங்கன்னு பாக்கறேன்."

பூங்கோதை பொத்தானை அழுத்தினார். முதல் தறி கடகடவென்று பிடித்தது. அந்தத் தெருவே அதைக் கேட்டது.

வேலைக்காரர்களில் முதலில் வந்தவர் பெருமாயி. பக்கத்துத் தெருக்காரர், பதினைந்து வருடமாக அங்கே தறி ஓட்டுகிறவர். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டே உள்ளே வந்தார்.

"ஏனுங்கக்கா, அழுவறதுக்குக் கூப்பிட்டீங்க, வந்தேன். இப்ப தறிச் சத்தத்துல கூப்பிடறீங்க. எதுக்குத்தான் கூலி குடுப்பீங்க?"

"ரெண்டையும் சேத்துச் செய். அழுதுட்டே ஓட்டு."

"அழுதா இழை கண்ணுக்குத் தெரியாதுங்களே."

"அப்ப அழாத."

மற்ற தறிக்காரர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். இரண்டு பேர் வரவில்லை. அவர்களுடைய தறிகளில் ஒன்றில் பூங்கோதை நின்றார். மோகனப்பிரியா துணியை அறுத்து அறுத்து வீட்டுக் கூடத்தில் போட்டாள். முந்தி முடிச்சுப் போடுகிற கைகள்தான் போதவில்லை. துக்கத்துக்கு வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் தறிக்கார வீட்டுப் பெண்கள். எதிரில் முடிச்சில்லாத துண்டு குவிவதை எவ்வளவு நேரம்தான் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்கள்? அர்த்தநாரியின் மனைவி ஒரு துண்டை மடிமேல் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அந்த மனுசன் கிட்டச் சொல்லிராதீங்க" என்றார். அதற்குப் பிறகு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. முடிச்சுப் போட்டுக்கொண்டே அழுதார்கள். புதிதாக யாராவது வாசலில் தலை காட்டினால் ஒப்பாரி கொஞ்சம் உயரும். கை நிற்காது.

மறுநாள் வேன் வந்தபோது கடைசி உறையை மோகனப்பிரியா ஒட்டிக்கொண்டிருந்தாள். ஓர் ஆர்டரும் ரத்தாகவில்லை. அப்பா போட்ட எண் சரியாக வந்தது.

காரியத்துக்கு அர்த்தநாரி சொன்னபடியே வரவில்லை. ஆற்றங்கரையில் ஐயர் அங்குமிங்கும் பார்த்தார்.

"கர்த்தா யாருங்கம்மா? கொள்ளி வெச்சவர் எங்க?"

"அவருக்கு வர மனசில்லைங்க. எம் மக செய்வா."

"பொண்ணுங்களா? வழக்கமில்லைங்களே."

"போன வாரம் வழக்கமில்லாதது ஒண்ணு செஞ்சோமுங்க. ஆறு வத்தலை, அங்க பாருங்க, ஓடிட்டுத்தான் இருக்குது. நீங்க மந்திரத்தைச் சொல்லுங்க."

ஐயர் தர்ப்பையை எடுத்தார். மோகனப்பிரியா காவிரியில் இடுப்பளவு இறங்கி, அவர் சொல்லச் சொல்லத் தன் அப்பாவின் பேரைச் சொன்னாள். இரண்டாவது தடவை குரல் உடைந்தது. கரையில் நின்ற பூங்கோதை சத்தம் போட்டார்.

"நிறுத்தாத கண்ணு. சொல்லு."

சொன்னாள்.