எழுப்பாத காமன்

காலை ஆறு பத்துக்கு அடுப்படித் தட்டில் அம்மாவின் போன் ஒளிர்ந்தது. கொழும்பிலிருந்து அண்ணன். அம்மா பார்த்தபடி நின்றார், எடுக்கவில்லை. நேற்றிரவு கூத்தில் காமனை எரித்த வைக்கோல் புகை இன்னும் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளைச் சுற்றி நின்றது.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்த மாசியில், காமன் கூத்தில் அண்ணன்தான் காமன். சிவனின் நெற்றிக்கண் பட்டு வெள்ளைத் துணிக்கு அடியில் கிடந்தான். எரிந்த காமனை மூன்றாம் நாள் பாடி எழுப்புவார்கள்; அதுவரை வேஷம் கட்டியவன் செத்தவன். அதற்குள் கொழும்புக் கடை முதலாளி ஆளனுப்பினார்: நாளைக்கே வராவிட்டால் வேலை வேறொருவனுக்கு.

"எழுப்பாம போவாதடா," என்று அம்மா வாசலை மறித்தார்.

"செத்தவனுக்கு யாரும்மா வேலை குடுப்பா?" அண்ணன் சிரித்தான். காதோரம் அரிதாரம்கூடப் போகவில்லை.

மூன்றாம் நாள் கூத்து வாத்தியார் பாடினார். யாரும் எழவில்லை. ரதி வேஷம் கட்டிய ராசு மாமா அந்தி வரை சேலையோடு சாம்பலருகே உட்கார்ந்திருந்தார்.

தீபாவளிக்கு அண்ணன் வந்து வாசலில் நின்று, "அம்மா" என்றான். பக்கத்துக் காம்பரா வீடுகளின் கதவுகள் மூடின. செத்தவர்கள் இரண்டு தரத்துக்கு மேல் கூப்பிடமாட்டார்கள் என்பது லயத்து நம்பிக்கை. மூன்றாவது தரம் கூப்பிட்ட பிறகே அம்மா கதவைத் திறந்தார்.

"என்னம்மா, காது கேக்கலையா?"

பிறகு அவனுக்கும் பழகிவிட்டது. போனிலும் மூன்று தரம் கூப்பிடுவான்.

இப்போது போன் இரண்டாவது தரம் அடித்தது. நான் கை நீட்டினேன்.

"விடு," என்றார் அம்மா.

அடித்து நின்றது. அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார். கேத்தலில் தண்ணீர் கொதித்தது. மூன்றாவது அழைப்பு வரவில்லை.