மிதித்தால் ஸ்டார்ட் ஆகாத கார்

அம்மனை வணங்கி, அண்ணனின் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கை எழுதுவது.

இறந்தவர்களுக்கு அச்சடிக்கும் இப்படியான நினைவு மலர்களை நான் நிறையப் படித்திருக்கிறேன். அவற்றில் வரும் எல்லோரும் பொறுமையின் இருப்பிடங்கள். எறும்புக்கும் தீங்கு நினையாதவர்கள். என் அண்ணனைப் பற்றி அப்படி எழுதினால் இந்தப் பந்தலில் இருப்பவர்களில் பாதிப் பேர் கன்னத்தைத் தடவிக்கொண்டு சிரிப்பீர்கள். அந்தப் பாதியில் நானும் ஒருத்தி.

மலருக்கு என்ன எழுத வேண்டும் என்று பெரியப்பா எனக்குச் சொல்லித் தந்தார். "பொறப்பு, தொழில், நல்ல குணம், கடைசியா நன்றி. அவ்வளவுதான் புள்ள. அவன்ட கதை ஒரு வரி வந்தாலும் நாங்க ஒருத்தரும் பந்தலுக்கு வர மாட்டோம்." பெரியப்பா 'அவன்' என்றது அண்ணியின் தம்பியை. அண்ணன் இறந்தது அவர் அடித்த அடியால். அவர் இப்போது விளக்கமறியல் சிறையில் இருக்கிறார். பிணையில் வெளியே வரும் அன்றைக்கு அவரைக் கரையில் வைத்து வெட்டுவதென்று எங்கள் பக்கத்து இளந்தாரிகள் முடிவெடுத்திருப்பது ஊருக்கெல்லாம் தெரிந்த இரகசியம். அவரைச் சுற்றி இவ்வளவு கத்தி இருக்கும்போது அவர் இல்லாமல் நான் எப்படி எழுதுவது? நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டு எழுந்து போகிறவர்கள் போகலாம்.

அண்ணன் இந்த உடப்பு ஊரில் எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். பிறந்த கையோடு மருத்துவிச்சியின் மூக்கில் உதைத்தாராம். அம்மா இதைப் பெருமையாகத்தான் சொல்வார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அடித்த பிரம்பைப் பறித்து முறித்து, மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவர் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. அப்பா கடலில் இறந்தபோது எனக்கு நடக்கத் தெரியாது. அண்ணன் கரைவலை இழுத்தார். பிறகு படகு எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டப் பழகினார். சிலாபத்தில் ஒரு கராஜில் அடியும் ஏச்சும் வாங்கித் தொழில் படித்து, மதுரங்குளியில் சொந்தமாகக் கராஜ் போட்டார். சிலாபத்தில் வாங்கியதை எல்லாம் அங்கே வட்டியோடு மற்றவர்களுக்குக் கொடுத்தார்.

காபரேட்டர் வேலையில் அண்ணனை மிஞ்ச இந்தக் கரையில் ஆள் இருக்கவில்லை. பெற்றோலும் காற்றும் கலக்கும் அந்தச் சின்னக் கிண்ணத்தைக் கழற்றி, ஊசித் துவாரங்களை வாயால் ஊதி, பெற்றோலைத் துப்பிவிட்டு, "இப்ப அடி" என்பார். எஞ்சின் பிடிக்கும். பிடிக்காவிட்டால் எஞ்சினை உதைப்பார். அதற்கும் அசையாவிட்டால் கையில் இருக்கும் ஸ்பெனர் பறக்கும். கராஜின் தகரச் சுவரில் நெளியாத இடம் தேடித்தான் கலண்டர் மாட்டினோம். 'அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்' என்பார்கள். எங்கள் வீட்டில் அடியும் அண்ணனும் ஒன்றாகவே வந்தன.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வாகன மின்சார வேலை படிக்க நான் வெளியூர் போகப் புறப்பட்டபோது, "பொட்டப் புள்ளைக்கு என்னத்துக்கு மோட்டர் படிப்பு" என்று கேட்ட சொந்தக்காரர் ஒருவரை அண்ணன் சட்டையைப் பிடித்துத் தூக்கி வாசல் படலையில் மாட்டிவிட்டு, என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு வந்தார். அந்தப் படிப்புதான் பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் சண்டையாக வந்தது.

அண்ணியின் தம்பி இத்தாலியில் உழைத்தவர். எனக்கும் மச்சான் முறை. விடுமுறையில் வந்தபோது, ஒரு தென்னந்தோட்டத்துக் கொட்டிலில் பல காலமாகக் கிடந்த பழைய அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கினார். இரண்டு கதவு, எட்டு சிலிண்டர், நீண்ட மூக்கு. ஊர்ப் பிள்ளைகள் அதற்குக் காளை என்று பெயர் வைத்தார்கள். அண்ணன் அதை எழுப்பினார். முதல் நாள் சத்தத்தில், கராஜுக்குப் பக்கத்து டயர்க்கடைக்காரரான முஸ்லிம் நானாவின் கூரையிலிருந்த புறாக்கள் எல்லாம் பறந்தன. மச்சானுக்கு ஸ்டார்ட் பண்ணப் பழக்கியவரும் அண்ணன்தான்.

"ரெண்டு மிதி மிதிச்சு, மிதிச்சபடியே சாவியத் திருப்பு. பயந்து மிதிக்காத. தீ மிதிக்கிற ஊர்க்காரனுக்கு இதெல்லாம் ஒரு மிதியா?"

காபரேட்டருக்கு அது சரி. மிதிக்கிற மிதிக்குப் பெற்றோல் உள்ளே பீச்சும். இரண்டு மிதி மச்சானின் காலில் ஊறிப்போனது.

ஆனால் காளை வெயிலில் மூச்சு முட்டும், நடுவழியில் நிற்கும், திடீரென்று வாயால் தீக் கக்கும். ஒருநாள் அண்ணனின் மீசையில் பாதி போய்விட்டது. மச்சான் இத்தாலியிலிருந்து போனில் கூப்பிட்டு, காபரேட்டரைக் கழற்றிவிட்டு, கொம்பியூட்டர் அளந்து பெற்றோல் பீச்சும் இன்ஜெக்ஷன் போடுங்கள் என்றார். சாமான்களையும் அனுப்பினார். பெட்டியை நான்தான் பிரித்தேன். அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"அப்ப நான் என்னத்துக்கு? காபரேட்டர் இல்லாட்டி நான் செத்தவன்தானே?"

சொன்னவர் அந்தப் புத்தம் புதிய சாமானைத் தூக்கி வீதிக்கு அப்பால் எறிந்தார். நானும் அதே இரத்தம்தான். அவர் பொக்கிஷமாக வைத்திருந்த காபரேட்டர் துண்டுகள் நிறைந்த டப்பாவை எடுத்துச் சாக்கடைக் கானுக்குள் கொட்டினேன். அவர் என் கன்னத்தில் அறைந்தார். நான் ரப்பர் குழாயால் அவர் முதுகில் விளாசினேன். நானா நடுவில் வந்து இரண்டு பக்கமும் வாங்கினார். "யா அல்லாஹ், ஒரு காருக்கு ரெண்டு மையத்து விழணுமா!" என்று அவர் கத்தியபோதுதான் நிறுத்தினோம். கொஞ்ச நேரத்தில் அண்ணன் வீதியைக் கடந்து போய், எறிந்ததைத் தேடி எடுத்து, மண்ணைத் துடைத்து என் முன்னால் வைத்தார். நான் கானுக்குள் இறங்கினேன்.

பிறகு இரண்டு பேருமாகச் செய்தோம். பெற்றோல் தாங்கியை இறக்கி, துருவைச் சுரண்டி, உள்ளே புதிய பம்ப்பை அண்ணன் இறக்கினார். இன்ஜெக்ஷனுக்குப் பெற்றோல் பல மடங்கு அழுத்தத்தில் போகும் என்பதால் பழைய குழாய்களை எல்லாம் வெட்டி எறிந்தார். மிஞ்சும் பெற்றோல் தாங்கிக்குத் திரும்ப ஒரு தனிக் குழாய் இழுத்தார். நான் புகைக்குழாயில் உணரியைப் பூட்டி, வயர்களை ஓட்டி, லப்டொப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எஞ்சின் முதல் திருப்பிலேயே பிடித்து, இருமாமல், திணறாமல் ஓடியது. அண்ணன் பொனட்டில் கையை வைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தை நெடுநேரம் கேட்டார்.

"சனியன், நல்லாத்தான் ஓடுது" என்றார். என் வாழ்க்கையில் அவரிடம் நான் வாங்கிய பெரிய பாராட்டு அது.

ஒன்றை அவருக்குத் திரும்பத் திரும்பச் சொன்னேன். இனி மிதிக்கக் கூடாது. எக்சிலரேட்டரை அடிமட்டம் மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்பினால், எஞ்சின் பெற்றோலில் மூழ்கிவிட்டதாக நினைத்துக் கொம்பியூட்டர் பெற்றோலை நிறுத்திவிடும். காலை எடுத்தால்தான் பிடிக்கும். அண்ணன் மறந்து மறந்து மிதித்தார். காளை சும்மா சுழன்றது. அவர் டயரை உதைத்தார். "என்ட கால் இதுக்குப் புடிக்காதாம்!" கடைசியில் பழகிவிட்டார். பழகியதும் அது அவருக்குச் சொல்லிச் சிரிக்கும் பெரிய பகிடியாகப் போய்விட்டது. மச்சான் வந்ததும் இதைச் சொல்லுங்கள் என்றேன். "ஓம், ஓம்" என்றார்.

அடுத்த விடுமுறையில் மச்சான் கூட்டாளிகளோடு, காருக்குப் போட மாலையும் கொண்டு வந்தார். பட்டப்பகல். கராஜ் வாசல் நிறைய ஆட்கள். நான் பின்னால் ஒரு வேனுக்குக் கீழே படுத்திருந்தேன். காளை சுழலும் சத்தம் கேட்டது, பிடிக்கவில்லை. மறுபடி சுழன்றது. அண்ணன் சிரிக்கும் சத்தம் கேட்டு வெளியே வந்தேன்.

"மிதி மச்சான், இன்னும் மிதி! சோறு திங்கல்லியா?"

கூட்டாளிகளும் சிரித்தார்கள். மச்சானின் முகம் கறுத்துப்போயிருந்தது.

"என்ட காரைக் கொன்னு போட்டீங்களே அத்தான்."

"காருக்கு ஒண்டுமில்ல" என்று அண்ணன் மச்சானின் நெற்றியில் விரலால் தட்டினார். "ஓட்டுறவனுக்குத்தான் இந்தப் பெட்டி பழுது."

மச்சான் காரிலிருந்து இறங்கினார். "எங்க அக்காவை அடிக்க மட்டும்தான் உங்கட கைக்குத் தெரியும்" என்றார்.

அவர் சொன்னது பொய் அல்ல. அண்ணியின் கையில் காயம் கண்டு, கிணற்றடியில் வழுக்கினேன் என்ற கதையை நாங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பெரியப்பாவும் கேட்டிருக்கிறார். உடப்பில் இத்தனை பேர் வழுக்கி விழுகிற கிணற்றடி எது என்று ஒருவரும் கேட்டதில்லை.

அண்ணன் அறைந்தார். மச்சான் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். அண்ணன் மறுபடி அறைந்தார். மச்சானின் உதடு கிழிந்தது. கழுத்தைப் பிடித்தார். மச்சான் குனிந்து, நிலத்தில் கிடந்த வீல் ஸ்பெனரை எடுத்து ஒரேயொரு அடி அடித்தார். காதுக்கு மேலே பட்டது. அந்தச் சத்தத்தை நான் எழுதப் போவதில்லை.

அண்ணன் உட்கார்ந்தார், பிறகு சாய்ந்தார். இரத்தம் எண்ணெய் படிந்த சீமெந்தில் ஓடியது. நானா டயர்க்கடையிலிருந்து ஓடிவந்து தோளிலிருந்த துவாயால் தலையை அமத்திப் பிடித்தார். ஸ்பெனர் மச்சானின் கையிலிருந்து விழுந்தது. அதை எடுத்தவள் நான். அவருடைய மண்டையைக் குறிவைத்துத்தான் ஓங்கினேன். அவர் தலையை விலக்கவும் இல்லை.

"தங்கச்சி! அவனைப் பொறகு கொல்லு!" என்று நானா கத்தினார். "இப்ப வண்டிய எடுக்கச் சொல்லு!"

கராஜில் நாலு சக்கரமும் பூட்டி, ஓடும் நிலையில் நின்ற ஒரே வாகனம் காளைதான். அண்ணனைப் பின்சீற்றில் கிடத்தி, தலையை என் மடியில் வைத்துத் துவாயை அமத்திக்கொண்டேன். மச்சான் சாவியைத் திருப்பினார். சுழன்றது, பிடிக்கவில்லை.

"மிதிக்காத!" என்று கத்தினேன்.

அவருக்குக் கேட்கவில்லை. "ரெண்டு மிதி, ரெண்டு மிதி" என்று அழுதுகொண்டே தரையோடு தரையாக மிதித்தார். அண்ணன் பழக்கிய பாடம். காளை சுழன்று சுழன்று பற்றரி இளைத்தது. நான் அவருடைய தலைமயிரைப் பிடித்து இழுத்தேன், தோளில் கடித்தேன். கால் எழும்பவில்லை.

அப்போது என் மடியில் அண்ணன் கண்ணைத் திறந்தார்.

"காலை எடு மச்சான்" என்றார்.

ஏச்சு இல்லை, கோபம் இல்லை. அப்படி ஒரு குரல் அவரிடம் இருந்ததை நான் அன்றுதான் அறிந்தேன். மச்சான் காலை எடுத்தார். எஞ்சின் உடனே பிடித்தது.

புத்தளம் வரை மச்சான் ஹோனில் வைத்த கையை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அண்ணனைத் தானே தூக்கிக் கொண்டுபோய்க் கிடத்திவிட்டு, வாசலில் மண்ணில் உட்கார்ந்தார். பொலிஸ் வந்ததும் இரண்டு கைகளையும் நீட்டினார். கொஞ்சம் பிந்தியிருந்தால் வழியிலேயே முடிந்திருக்கும் என்று டொக்டர் சொன்னார். வழியில் முடியாததால், உடப்பிலிருந்து அண்ணி வந்து சேரும்வரை அண்ணனின் கண் திறந்திருந்தது. பேச்சு நின்றுவிட்டது. அண்ணியின் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார். அண்ணி அந்தக் கையை எடுக்கவில்லை. மறுநாள் அண்ணன் இறைவனடி சேர்ந்தார்.

முதல் அடி அண்ணன் அடித்தது. இரண்டாவதும் அவர் அடித்தது. பொலிசாருக்கு இதைச் சொன்னேன், நீதிமன்றத்திலும் சொல்வேன். மூன்றாவது அடியையும் விடாமல் சொல்வேன், அதற்குரிய தண்டனையை மச்சான் வாங்கட்டும். நாலாவது அடி அடிக்கக் காத்திருக்கிற தம்பிமாருக்கு ஒன்று: உங்களுக்கு எதிராகவும் கூண்டில் ஏறப் போகிறவள் நான்தான். என் அண்ணனை நீங்கள் என்னைவிட அதிகம் நேசித்ததாக என்னிடம் கதைக்க வராதீர்கள். அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போலிருக்கிறது. கையை மடித்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

இனி நன்றி. ஆஸ்பத்திரியில் பாடுபட்ட டொக்டர்மாருக்கும் தாதிமாருக்கும், கடையைப் பூட்டிவிட்டு பிரேதம் எடுக்கும் வரை எங்களோடு நின்ற நானாவுக்கும், சமைத்தவர்களுக்கும், பாடை சுமந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பந்தல் போட்ட பெரியப்பாவுக்கும் நன்றி. கோபித்துக்கொண்டு போவதானால் சாப்பிட்டுவிட்டுப் போகவும்.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அண்ணி கேட்டார். எனக்குக் கை வரவில்லை. அண்ணியே எழுதித் தந்தார், ஒரு எழுத்தும் மாற்றாமல் போடுகிறேன்:

"என் கணவரை அடித்தவன் என் தம்பி. அவரை உயிரோடு என் கையில் கொண்டுவந்து தந்தவனும் அவன்தான். அதற்கு அவனுக்கு நன்றி. அவன் வெளியே வருகிற அன்று சிறை வாசலில் நான் நிற்பேன். அவனை அடிக்க வருகிறவர்கள் முதலில் என்னை அடியுங்கள். எனக்கு அது பழக்கம்."