விழுந்தவரின் வீடு

என் கணவர் விழுந்ததை நான் நேரில் பார்த்தேன். அதற்குப் பிறகு கைபேசியிலும் பல தடவை பார்த்தேன். நான் தேடிப் பார்க்கவில்லை. எங்கள் தமிழ்ச் சனம் அந்த வீடியோவை அனுப்பிக்கொண்டே இருந்தது. இரண்டாம் சுற்றில் எதிராளியின் இடது கை வளைந்து வந்து தாடையில் இறங்கியது. நூறு கிலோவுக்கு மேற்பட்ட உடம்பு, கையைக்கூட ஊன்றாமல், முகங்குப்புற விழுந்தது. மெல்பேர்ணின் மேற்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் நடந்த குத்துச்சண்டைப் போட்டி அது. நாங்கள் இருக்கும் டண்டினொங்கிலிருந்து கார் காராக வந்திருந்த எங்கள் ஆட்கள் அதுவரை அவருடைய பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். மருத்துவர் மேடையேறி அவருடைய கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் திரும்பிப் பார்த்தேன். எங்கள் வரிசைகளில் பாதிக் கதிரைகள் காலி. கார்த் தரிப்பிடத்தில் நெரிசல் வருமுன் போய்விட வேண்டும் என்று நினைத்திருப்பார்கள்.

யாரோ அந்த வீடியோவுக்கு ஒரு சினிமாப் பகிடியின் குரலைப் பொருத்தி வாட்ஸ்அப்பில் விட்டார்கள். அதற்கு முந்தின மாதம்வரை அதே குழுவில்தான் அவர் ‘எங்கட சிங்கம்’.

அவர் அகதியாகப் படகில் வந்தவர். வில்லாவுட் தடுப்பு முகாமில் இருந்த காலத்தில், கூட இருந்த ஈரான்காரர் ஒருவர் மெத்தையைச் சுவரில் சாத்தி வைத்துக் குத்தப் பழக்கியிருக்கிறார். வெளியே வந்து டண்டினொங்கில் ஒரு பொருட்கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தொடங்கிய பிறகு, டயர்க் கடைக்குப் பின்னால் இருந்த ஜிம் ஒன்றில் சேர்ந்தார். ஹெவிவெயிட் பிரிவில் தமிழர் யார் இருக்கிறார்கள்? சில சிறிய போட்டிகளில் வென்றதுமே விளையாட்டு விழாக்களுக்குக் கூப்பிட்டார்கள், மாலை போட்டார்கள், தங்கள் பிள்ளைகளை அவருடைய தோளில் ஏற்றிப் படம் எடுத்தார்கள். எனக்கு அந்த விளையாட்டு ஒருநாளும் பிடித்ததில்லை. நான் பல் மருத்துவர் ஒருவரிடம் உதவியாளராக வேலை செய்கிறேன். உடைந்த வாய்களைப் பார்ப்பது என் பிழைப்பு. அதை டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்க எனக்கு என்ன விசரா?

தாடை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டி அனுப்பினார்கள். வாந்தி வந்தால் மூச்சு அடைக்குமுன் கம்பியை வெட்ட ஒரு சிறிய குறடும் தந்தார்கள். அதை என் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டுதான் படுத்தேன். அவர் இருமினால் எனக்குத்தான் முதலில் விழிப்பு வரும். சோறும் பருப்பும் மிக்ஸியில் அடித்து, வடித்து, தண்ணீராக்கிக் கொடுத்தேன். கோழி சூப் கொடுத்தேன். அவர் ஸ்ட்ரோவை ஒரு பக்கக் கன்னத்துக்குள் செருகி உறிஞ்சுவார். பாதியில் கோப்பையைத் தள்ளிவிட்டுக் கைபேசியை எடுப்பார். தன்னைப் பற்றி யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் அவருக்கு அப்போது முழுநேர வேலை.

ஒருநாள் குசினியில் வைத்து எனக்குள் கிடந்ததெல்லாம் வெளியே வந்தது. அவரால் பதில் பேச முடியாது என்பது எனக்கு வசதியாகவே இருந்தது.

“மாலை போட்ட ஆக்களில ஒருத்தராவது இந்த வீட்டுப் படி ஏறினவையோ? உங்கட வாய்க்குள்ள கம்பி கிடக்குது. அவையள் அங்க சிரிச்சுக்கொண்டு இருக்கினம். நான் அடிச்சுத் தாறதைக் குடிச்சுக்கொண்டு நீங்கள் இன்னும் அவையின்ர வாயைத்தானே பாத்துக்கொண்டிருக்கிறீங்கள்?”

அவர் கைபேசியில் ஒரு சொல்லைத் தட்டி என் பக்கம் திருப்பினார். ‘முடிஞ்சுதோ?’

நான் சூப் கோப்பையை மேசையில் வைத்த வேகத்தில் அது சுவர் முழுக்கத் தெறித்தது. அவரே எழுந்து ஒரு துணியை எடுத்துத் துடைத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த நாட்களில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்துக்குத் தனியாகப் போனேன். விளையாட்டு விழாவில் அவருக்கு மாலை போட்ட அங்கிள் கையில் கட்லட்டோடு என்னிடம் வந்தார்.

“தம்பி இனி எழும்புவாரோ பிள்ளை? ஹெவிவெயிட் ஆக்கள் ஒருக்கா இப்பிடி விழுந்தால் பிறகு சரிவராது எண்டுதான் சொல்லுறவை. எங்களுக்கும் பெரிய வெட்கமாப் போச்சு.”

“உங்களுக்கு எங்க அங்கிள் முறிஞ்சது?” என்று கேட்டேன்.

அவர் அதைப் பகிடியாக எடுத்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. அவருடைய மனைவி வந்து அவரைச் சாப்பாட்டு மேசைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். கேக் வெட்டுமுன் நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கம்பியைக் கழற்றிய பிறகு வாய் அசைய அவருக்குக் கொஞ்சக் காலம் பிடித்தது. ஒழுங்காக அவர் பேசிய முதல் வசனம், “நான் திரும்பப் போறன்” என்பது. குத்துச்சண்டை மேடைக்குத்தான் என்று எனக்குத் தெரியும். என் உடுப்புகளை எடுத்துக்கொண்டு மற்ற அறைக்குப் போனேன். ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர் போல இருந்தோம். சமைப்பேன், மூடி வைப்பேன். அவர் சாப்பிட்டுவிட்டுக் கழுவி வைப்பார். சிட்னியில் குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கும் என் அக்கா, கொஞ்ச நாள் தன்னோடு வந்து இருக்கச் சொன்னா. பிழை செய்தவர் வீட்டில் இருக்க நான் ஏன் வெளிக்கிட வேண்டும் என்று கேட்டு, அவவோடும் சண்டை பிடித்தேன்.

ஒரு சனிக்கிழமை அவருடைய பயிற்சியாளர் வீட்டுக்கு வந்தார். வயதான வெள்ளைக்காரர், தட்டையான மூக்கு. நான் அவரைக் கதிரையில் இருக்கச் சொல்லவில்லை. என் கணவரால் மீள முடியுமா, முடியாதா, உண்மையைச் சொல் என்று வாசலிலேயே கேட்டேன். ஏமாற்றுவார் என்று நினைத்தேன். அவர் ஏமாற்றவில்லை. தாடை ஒரு பிரச்சினை இல்லை, எலும்பு பொருந்திவிட்டது என்றார். கால், மூச்சு எல்லாம் சரி. ஆனால் இப்போது பயிற்சியில் அடி வருமுன்பே கண்ணை மூடுகிறான் என்றார். அந்தப் பயம் போகிறவர்களும் உண்டு, போகாதவர்களும் உண்டு. போகாவிட்டால் தானே அவரை மேடையேற விடமாட்டேன் என்றார். அவர் பொய் சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கதவைச் சாத்தியிருக்கலாம்.

அடுத்த கிழமை நானே ஜிம்முக்குப் போய், வியர்வை நாற்றத்துக்குள் ஒரு மூலையில் நின்று பார்த்தேன். அவரைவிட மெலிந்த இளைஞன் ஒருவன் மெல்ல மெல்லக் குத்திக்கொண்டிருந்தான். ஒவ்வொரு குத்துக்கும் அவருடைய முகம் தானாகத் திரும்பியது, கண் இறுக மூடியது. இது இப்படியே இருக்கட்டும், ஒருநாளும் சரியாகக் கூடாது என்று மனதார வேண்டினேன். அந்த நேரம் அந்த இளைஞன் தன் கூட்டாளியைப் பார்த்துச் சிரித்தான். அவனுடைய வாயை உடைக்க வேண்டும் போல் இருந்தது எனக்கு.

ஆனால் அது சரியாகியது. கொஞ்சம் கொஞ்சமாக, பல மாதங்களில். தலை ஸ்கான், தாடை எக்ஸ்ரே, மருத்துவரின் சம்மதம் எல்லாம் எடுத்து, அடுத்த வருடம் ஒரு சிறிய கிளப் மண்டபத்தில் அவருக்குப் போட்டி வைத்தார்கள். எங்கள் சனத்தில் யாரும் வரவில்லை. நான் போனேன். வேறு யார் அவரைக் கூட்டிக்கொண்டு வருவது?

எதிராளி வேறொருவன், பல வருடமாகச் சண்டை பிடித்துப் பழகிய ஆள். நான்காம் சுற்றில் அவனுடைய இடது கை அதே இடத்தில் பட்டது. என் கணவரின் முழங்கால் மடிந்தது. நான் கதிரையை விட்டு எழுந்துவிட்டேன். அவர் கயிற்றில் சாய்ந்து, நிமிர்ந்து, அடுத்த அடியைப் பார்த்துக்கொண்டே விலகினார். கடைசி மணி அடிக்கும்வரை நின்றார். அழகான சண்டை ஒன்றுமில்லை. இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு இழுபட்டார்கள், பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஊளையிட்டார்கள். புள்ளிகளில் தோற்றார்.

காரை நான் ஓட்டினேன். நெடுஞ்சாலை ஏறியதும் அவர் கேட்டார்.

“கண் திறந்திருந்தது. பாத்தனீரோ?”

“பாத்தனான்.”

“எனக்கு அதுதான் வேணும். இனி ஏற மாட்டன்.”

சந்தோசப்பட்டிருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் பொங்கியது. “அதை அறிய இன்னொருக்கா மண்டையைக் குடுக்க வேணுமோ?”

“ஓம். வேற எப்பிடி அறியிறது?”

அவர் கேட்டது நியாயமாகவே பட்டது. அதனால் இன்னும் கோபம் வந்தது. அந்தக் கோபம் இன்றைக்கும் முழுதாகப் போகவில்லை. அவர் தலையிடி என்று சொல்லும் ஒவ்வொரு நாளும் திரும்பி வரும். என்றாலும், அந்தக் கிழமையே என் உடுப்புகளைப் பழைய அறைக்கு மாற்றிவிட்டேன்.

எங்கள் சனத்தின் கணக்கில் அவர் இரண்டு தரம் தோற்றவர், முடிந்துபோன ஆள். அவர் அதைக் கேட்டுவிட்டு வேலைக்குப் போகிறார். முன்பு போல் கைபேசியைக் கிண்டுவதில்லை.

பயிற்சியாளருக்குத்தான் ஆறவில்லை. இன்னும் இரண்டு போட்டிகளுக்கு அவர் ஆள் பார்த்து வைத்திருந்தாராம். நான்தான் தடுத்தேன் என்று தொலைபேசியில் கத்தினார். தடுக்கவில்லை என்று நான் சொல்லவுமில்லை. போன மாதம் டண்டினொங் சந்தையில் மீன் வாங்கப் போனபோது அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பினார். நானும் வணக்கம் சொல்லவில்லை. மீனை வெட்டித் தரும்வரை இருவரும் அப்படியே நின்றோம்.