காற்றுக்குப் பூட்டுப் போடுகிறவர்

கூப்பிட்ட வீட்டுப் படலைக்கு முன்னால் மோட்டார்சைக்கிளை நிற்பாட்டிவிட்டு, இறங்காமலே சிவகரன் கைத்தொலைபேசியை எடுப்பார். அந்த வீட்டு வைஃபையின் பெயரைத் தொட்டு, கடவுச்சொல் கேட்கிற இடத்தில் ஊர் அம்மனின் பெயரை ஆங்கில எழுத்தில் அடித்து, பின்னால் ஒன்று இரண்டு மூன்று என்று போடுவார். வல்வெட்டித்துறையில் அநேகமான வீடுகள் அதோடு திறந்துவிடும். "அம்மாளாச்சி திறந்திட்டா" என்று தனக்குள் சொல்லி, ஒரு பெருமூச்சு விட்டு, அதன்பிறகுதான் படலையைத் தட்டுவார்.

உள்ளே போனதும் ஏசமாட்டார். ஏசி ஏசி ஓய்ந்துபோன மனிசன். "அம்மாள் காவல் எண்டால் எனக்கும் சந்தோசம்தான். ஆனால் ஊர் முழுக்க எல்லாப் பூட்டுக்கும் ஒரே திறப்பெல்லோ?" என்று மட்டும் கேட்பார். வேறு பேர் வைத்தால் மறந்துபோகும், அம்மாளை மறக்க ஏலுமோ என்று சனம் திருப்பிக் கேட்கும். அவரும் விபூதி பூசாமல் வாசற்படி தாண்டாத ஆள்தான்.

ஐம்பதைத் தொடப்போகிற வயது. மனைவி குணலட்சுமியின் சட்டைப்பின் ஒன்று எந்நேரமும் சேட்டுக் கொலரில் குத்தியிருக்கும். வைஃபைப் பெட்டியின் பின்பக்கத்தில் இருக்கிற சின்னத் துளையைக் குத்தி, எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து தொடங்குவதற்கு அதுதான் ஆயுதம். பிளேன்ரீ கொடுத்தால் வாங்குவார். ஆறவைத்துவிட்டு மறந்துபோவார்.

அவர் செய்கிற தொழிலின் கதையைக் கேட்டால் வேலிக் கதையாகத்தான் சொல்லுவார். கொழும்பில் ஒரு கடையில் வேலை பழகின காலத்தில், காற்றில் போகிற இணையத்துக்கு வேலியே இல்லாத வீடுகள் கனக்க இருந்தனவாம். வேலி போட்ட வீடுகளில் இருந்தது டபிள்யூ.ஈ.பி. என்கிற பூட்டு. அது தென்னோலை பின்னின கிடுகு வேலி. பார்வைக்கு மறைப்பு, அவ்வளவுதான். விசயம் தெரிந்தவன் ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கமுன் கிடுகை விலக்கி உள்ளே வந்துவிடுவான். அது வெளியே தெரிந்ததும் அவசர அவசரமாக டபிள்யூ.பி.ஏ. என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பழைய பெட்டிகளை எறியக்கூடாது என்பதற்காக அதே கதியால் தடிகளில் தகரம் அடித்த வேலை அது. பிறகு வந்த இரண்டாவது, கல்மதில். கனகாலம் அசையாமல் நின்றது. அந்த மதிலிலும் வெடிப்பு என்று ஒரு வருசம் செய்தி வர, சிவகரன் வீடு வீடாகப் போய் அதைப் பூசித் திரிந்தார். இப்போது மூன்றாவது வந்திருக்கிறது.

"ஒவ்வொருக்காலும் இதுதான் கடைசி எண்டு சொன்னவை. நானும் சனத்துக்கு அப்பிடித்தான் சொன்னனான்" என்று பிடரியைத் தடவுவார். "பூட்டு பெலத்துக்கொண்டு போகுது. திறப்பு வைக்கிற இடம்தான் அதே இடம்."

போன வெள்ளிக்கிழமை அற்புதராணி அக்கா கூப்பிட்டிருந்தா. வெளிநாட்டிலிருந்து வந்த தம்பிக்காரன் புதுப்பெட்டி ஒன்று கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அக்காவின் வளவுக்கு முன்பக்கம் மதில். பக்கத்து வளவுக்கு இடையில் மட்டும் இன்னும் கிடுகு வேலிதான். அதில் ஆள் குனிந்து போய்வர ஒரு இடைவெளி உண்டு. பொட்டு என்போம். கறியும் கோயில் பிரசாதமும் அதற்குள்ளால்தான் போய்வரும். அன்றைக்கு அந்தப் பொட்டை அடைத்து, பனையின் கருக்குமட்டை ஒன்று செருகியிருந்தது.

பக்கத்து வளவுப் பாலேஸ்வரி சிவகரனைப் படலையடியிலேயே மறித்துவிட்டாள். அவளின் மகன் கஜீபன் கப்பலில் வேலை. கரைக்கு வருகிற நாட்களில்தான் முகம் காட்டிக் கதைப்பான். அவள் வளவில் இணையம் இல்லை. வேலியோரம் குந்தியிருந்து, அக்கா வீட்டு வைஃபையில்தான் இவ்வளவு காலமும் அவனைப் பார்த்தாள். "நாளைக்குக் கப்பல் கரைக்கு வருதாம் தம்பி. புதுப்பெட்டி வந்தாலும் என்ரை போனிலை இழுக்கும்தானே?" அவள் கையில் இருந்தது கண்ணாடி வெடித்த பழைய போன். மூன்றாவது பூட்டு அதற்கு விளங்காது. சிவகரன் பார்ப்பம் என்றுவிட்டு உள்ளே போனார்.

அக்கா கதிரையை இழுத்துப் போட்டு, பிளேன்ரீயும் கொண்டுவந்து வைத்தா. "புதுப்பூட்டு மட்டும் போடும் தம்பி. பழைய போனுகள் ஒண்டும் வேலை செய்யாதாமே?" என்று கேட்டா. கொஞ்ச நேரத்தால் திரும்பவும் அதையே கேட்டா. பாலேஸ்வரியின் ஆடு பொட்டுக்குள்ளால் வந்து தேசிக்கன்றை மொட்டையாக்கின கதையும், அதற்கு அவள் சொன்ன ஒரு சொல்லும் பின்னால் வந்தன.

"வேண்டாம் எண்டு நீங்களே அவவுக்குச் சொல்லலாமே அக்கா."

"நான் ஏன் சொல்லவேணும்? பூட்டு உவளின்ரை போனை ஏற்காட்டில் நான் என்ன செய்யிறது?"

சிவகரன் புதுப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். எத்தனை வீட்டுக்கு இப்படி 'வேண்டாம்' சொல்லுகிற வாயாக இருந்துவிட்டார். கள்ளனுக்குப் போட்ட பூட்டைவிட, சொந்தத்துக்கும் அயலுக்கும் போட்டுக்கொடுத்த பூட்டுத்தான் அவர் கையால் கூடுதல். அந்தக் களைப்பு நித்திரை கொண்டால் போகிற களைப்பில்லை.

கொலரிலிருந்து பின்னைக் கழற்றினார். மூன்றாவது பூட்டு நல்ல பூட்டு என்று மெதுவாகச் சொன்னார். முந்தின பூட்டென்றால் கள்ளன் அதன் அச்சை எடுத்துக்கொண்டு போய், தன் வீட்டில் இருந்தபடி ஆயிரம் திறப்பு வெட்டிப் பார்க்கலாம். இது அப்படியில்லை, ஒவ்வொரு திறப்புக்கும் அவன் படலைக்கு வந்து நிற்கவேணும். அக்கா வீட்டுக்கு அதைத்தான் போடவேணும்.

"ஆனால் இந்தப் பெட்டியிலை ஒரு பொட்டும் விடலாம் அக்கா. வாறவைக்கு வேறை வாசல், பழைய பூட்டோடை. அதாலை வாறவை உங்கடை போனையோ கமராவையோ தொடேலாது. விடட்டோ? உங்கடை வீடு, நீங்கள்தான் சொல்லவேணும். வேண்டாம் எண்டால் போகேக்கை அவவுக்கு நானே சொல்லிப்போட்டுப் போறன், பூட்டிலை பழி போடாமல்."

அக்கா குசினிக்குள் போனா. ஏதோ கழுவுகிற சத்தம் கேட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் பாலேஸ்வரி முந்தானையால் போனைத் துடைத்துக்கொண்டு நின்றது கிடுகுக்குள்ளால் தெரிந்தது. சிவகரன் பெட்டியைத் தொடாமல் காத்திருந்தார்.

"ரீ ஆறுது" என்று உள்ளிருந்து குரல் வந்தது. பிறகு, "அந்த வாசலுக்கு என்ன பேர் திறப்பு?"

"நீங்கள் சொல்லுங்கோ. அம்மாளின்ரை மட்டும் வேண்டாம்."

கழுவுகிற சத்தம் நின்றது. "உவளின்ரை பொடியன்ரை பேரைப் போடும். மறக்கமாட்டாள்."

ஆட்களின் பேரைத் திறப்பாக வைக்காதேயுங்கோ என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிற மனிசன்தான் அவர். இருந்தும் கஜீபன் என்று ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்ததும் எழும்பி, ஆறின ரீயை ஒரே மிடறில் குடித்துவிட்டு வேலியடிக்குப் போனார். கை கிழிபடாமல் கருக்குமட்டையை இழுத்து ஒரு பக்கம் சாத்தினார். இடுப்பில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, பொட்டுக்குள்ளால் மற்றக் கையை, போனுக்காக, நீட்டினார்.