கூவாத மைக்

வேங்கிக்கால் மண்டபங்களில் மைக் கூவினால் கூட்டம் மொத்தமும் திரும்பி வேடியப்பனைத்தான் முறைக்கும். பேச வருகிறவர் மைக்கைத் தூக்கிக்கொண்டு நேராக ஸ்பீக்கர் முன்னால் போய் நிற்பார்; திட்டு மட்டும் மைக் செட்டுக்காரருக்கு. அந்த எரிச்சலில்தான், கூவலைக் கண்டுபிடித்து வெட்டிவிடும் பிராசஸர் பெட்டியை வாங்கினார்.

விழா தொடங்குமுன் காலி மண்டபத்தில் வால்யூமை ஏற்றி, மைக்கை வேண்டுமென்றே கூவ விடுவார். பெட்டி ஒவ்வொரு கூவலாகப் பிடித்து அடக்கிவிடும். அதன்பின் நாள் முழுக்க மைக் கூவாது. அவர் இருக்கும் பக்கம் யாரும் திரும்புவதுமில்லை. மனைவி ராணியம்மாள் இறந்தபின் வீட்டிலும் கூப்பிட ஆளில்லை.

அன்று ஒரு பணி நிறைவு விழா. கடைசிப் பந்தியும் முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் யாரோ இன்னும் பேசிக்கொண்டிருந்தார். தூணுக்குப் பின்னால் பசியோடு உட்கார்ந்திருந்த வேடியப்பன் பெட்டியை அணைத்தார். மைக் வீலென்று அலறியது. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு திரும்பினார்கள்.

விழா வீட்டுக்காரர் ஓடி வந்தார். "யோவ் மைக் செட்டு, பெட்டி ரிப்பேரா?"

"இல்லீங்க, ரொம்ப நல்லா வேலை செய்யுது," என்றார் வேடியப்பன். "அதான் என்னைச் சாப்பிடக் கூப்பிட யாருக்கும் ஞாபகம் வரல."